ஊதுகிற சங்கும் உறங்குகிற தெருவும்

மணலி, எண்ணூர் வட்டாரத்து ஆலைகளில் அபாயச் சங்குக்குப் பொறுப்பாக இருக்கும் பாதுகாப்பு அலுவலர்களுக்கும், அவர்களை மேற்பார்வை செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் வடசென்னை எர்ணாவூரில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருப்பவள். தனியார் மருத்துவமனை ஒன்றில் ஐசியூ நர்ஸ். சத்தம் கேட்டால் ஓடுவதுதான் என் பிழைப்பு. அந்த உரிமையில் சத்தத்தைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று இதை எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், சங்கு ஊதியது. எந்த ஆலையின் சங்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. திருநெல்வேலியில் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்திருந்தான். அவன்தான் பதறி எழுந்து என்னை உலுக்கினான்.

"அம்மா, சங்கு ஊதுதும்மா. எழுந்திரு."

"அது அப்படித்தான்டா ஊதும். நீ படு."

"எதுக்கு ஊதுது?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்து அறையிலிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார்: "ஷிப்டு சங்குடா கண்ணு. தூங்கு."

இங்கே ஷிப்டு மாறுவது காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. ராத்திரி இரண்டு மணிக்கு எந்த ஷிப்டும் மாறுவதில்லை. மாமியாருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டு புரண்டு படுத்தேன். பையன் மட்டும் மொட்டைமாடிக்குப் போய் அரைமணி நேரம் காற்றை மோந்துகொண்டு நின்றிருக்கிறான். எதுவும் நடக்கவில்லை. அப்புறம் அவனும் தூங்கிவிட்டான்.

காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தபோது எட்டு வீட்டுக்காரர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் "ஆமா, ஏதோ ஊதின மாதிரி இருந்துச்சு" என்றார்கள். மற்ற ஆறு பேரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள்: "ஊதுச்சா? இல்லியேக்கா." அந்தச் சத்தம் அவர்கள் வீட்டு ஜன்னலையும் அதிர வைத்துவிட்டுத்தான் போயிருக்கும்.

என்னை உறுத்தியது அதுதான். பக்கத்து அறையில் மாமியார் இருமினால் விழித்துக்கொள்கிறவள் நான். மூன்று கட்டில் தள்ளி மருந்து பம்பு ஒரு தடவை கீச்சிட்டால் கழுத்து தானாகத் திரும்பும். அப்படிப்பட்ட காது, ஊரையே எழுப்புவதற்கென்று செய்த சங்கைக் கேட்டும் படுத்துக்கொள்ளச் சொன்னது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்வார்கள். இங்கே யாரும் பிறவிச் செவிடு இல்லை. ஊதி ஊதித்தான் இப்படி ஆக்கியிருக்கிறீர்கள்.

கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதற்குக் காரணம் இருக்கிறது. நர்சிங் படிப்பில் முதல் வருடம் உளவியல் ஒரு பாடம். அன்றைக்கு பரீட்சைக்காகப் படித்ததை, அந்த ராத்திரிக்குப் பிறகு எடுத்து வைத்து நிதானமாகப் படித்தேன்.

ஒரு சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்றால் நாம் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் மூளை ஒரு வேலை செய்கிறது. சத்தம் உள்ளே போகிறது, "இது நமக்கு இல்லை" என்று ஒரு முத்திரை குத்தப்படுகிறது. அடுத்த தடவை அதே சத்தம் வரும்போது அந்த முத்திரையோடுதான் வருகிறது. இரண்டு காதிலும் வெவ்வேறு சொற்களை ஒலிக்கவிட்டு, "வலது காதில் வருவதை மட்டும் திருப்பிச் சொல், இடதை விட்டுவிடு" என்று ஆட்களை உட்காரவைத்துச் சோதித்திருக்கிறார்கள். சற்றுமுன் விட்டுவிடச் சொன்ன அதே சொல்லை அடுத்த சுற்றில் சொல்லச் சொன்னால், புதிதாக வருகிற சொல்லைவிட அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆகிறது. ஒரு நொடியில் மிகச் சிறிய பங்குதான் அந்தத் தாமதம். ஒரே ஒரு தடவை ஒதுக்கியதன் கூலி அது. எங்கள் தெரு எத்தனை ஆயிரம் தடவை ஒதுக்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்கு உறைத்தது ஆட்டுக் கதை. 1959-இல் லுபோ, மூர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அடையாளத்தை ஆடுகளுக்குப் பலமுறை சும்மா காட்டினார்கள். அதன் பின்னால் நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. பிறகு அதே அடையாளத்தைத் தொடர்ந்து காலில் லேசான மின் அதிர்ச்சி வரும்படி வைத்தார்கள். புதிய அடையாளம் என்றால் "இது வந்தால் அது வரும்" என்று ஆடு சீக்கிரம் கற்றுக்கொண்டது. முன்பே சும்மா பார்த்துச் சலித்த அடையாளமென்றால் கற்றுக்கொள்ளத் திணறியது. அதாவது பொருளில்லாமல் பழகிய ஒன்றுக்குப் பிற்பாடு பொருள் ஏற்றுவது, புத்தம் புதிய ஒன்றுக்குப் பொருள் ஏற்றுவதைவிடக் கஷ்டம். நீங்கள் நாளைக்கே எங்கள் தெருவுக்கு வந்து "இந்தச் சங்கு ஊதினால் ஓடுங்கள்" என்று பாடம் நடத்தினாலும், இதுவரை சங்கே கேட்காத ஊர்க்காரரைவிட நாங்கள் மக்குகளாகத்தான் இருப்போம். என் பையன் எழுந்ததற்கும் நான் எழாததற்கும் இதுதான் வித்தியாசம். அவன் வீரனும் இல்லை, நான் சோம்பேறியும் இல்லை.

என் வேலை இடத்திலேயே இதைப் பார்த்திருக்கிறேன். ஐசியூவில் சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொரு பீப் சத்தத்துக்கும் ஓடினேன். சீனியர் சிஸ்டர்கள் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் நானும் சிரிக்கிறவள் ஆகிவிட்டேன். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப் நழுவினால் அலாரம், நோயாளி புரண்டால் அலாரம், நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர் காய்ந்தால் அலாரம். மானிட்டரில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. கை தானாகப் போய் அதை அழுத்தும், கண் கூடப் போகாது. ஒருநாள் ராத்திரி அப்படி அழுத்திவிட்டு நகர்ந்தேன். அன்று கிளிப் நழுவவில்லை. அவருக்கு நிஜமாகவே ஆக்சிஜன் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமாக வந்த வார்டு ஆயா, "சிஸ்டர், இவர் உதடு ஒரு மாதிரி இருக்கே" என்றார். பிழைத்துக்கொண்டார். எனக்கு அந்த மாதம் முழுக்கத் தூக்கம் போயிற்று.

இது என் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன், 2013-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாக அவர்களுக்கு வந்த அறிக்கைகள் 98. அதில் 80 மரணம். அலாரங்களில் நூற்றுக்கு 85 முதல் 99 வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். மிச்சமிருக்கும் ஒன்றோ பதினைந்தோதான் நிஜமாகக் கவனிக்க வேண்டிய சமாச்சாரம். அது வரும்போது காது ஏற்கெனவே மரத்திருக்கும்.

எங்கள் பிரிவில் அப்புறம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். சத்தத்தைக் கூட்டவில்லை. குறைத்தோம். பொறுப்பு சிஸ்டர் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக அலாரம் வரம்பு வைக்கச் சொன்னார். நெஞ்சு ஸ்டிக்கரைத் தினமும் மாற்றச் சொன்னார். வெட்டி அலாரம் பாதிக்கு மேல் நின்றது. ஆனால் ஒன்று: சத்தம் குறைந்த மறுநாளே எங்கள் கழுத்து திரும்பிவிடவில்லை. வாரக்கணக்கில் ஆயிற்று. கெட்டுப்போன நம்பிக்கை மாதிரிதான், திரும்ப வர நாளாகும்.

பழகி மரத்துப்போவது பற்றி 1966-இல் தாம்ப்சன், ஸ்பென்சர் என்ற இருவர் எழுதியது இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. தூண்டுதலைக் கொஞ்ச காலம் நிறுத்தினால், போன பதில்வினை தானாகத் திரும்பும் என்றார்கள். 2020 லாக்டவுனில் இதை நானே அனுபவித்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடங்கியிருந்த அந்தக் கொஞ்ச நாளுக்குப் பிறகு, முதல் ஏர் ஹாரன் கேட்டபோது கையில் இருந்த டம்ளரைப் போட்டுவிட்டேன். ஆனால் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: திரும்பத் திரும்பப் பழக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிடச் சீக்கிரம் மரத்துப்போகும். அதுவும் நிஜம். அடுத்த வாரமே லாரி போவது எனக்குத் தெரியவில்லை.

இங்கே என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வடசென்னையில் பட்டாளம் என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவர். பக்கத்தில் இருந்த பி அண்ட் சி துணி மில் 1996-இல் மூடியதுவரை அந்தச் சங்குதான் அவர்களுக்குக் கடிகாரம். அந்தச் சங்குக்கு அடுப்பு பற்றவைப்பார்கள், பிள்ளைகளை எழுப்புவார்கள், தெருவில் சைக்கிள்கள் கிளம்பும். "ஒரு நாளும் அதைக் காதில வாங்காம இருந்ததில்லம்மா" என்பார். அதுவும் தினமும் ஊதிய சங்குதான். ஆனால் அது ஊதினால் ஏதாவது ஒன்று நடக்கும், ஊதிய ஒவ்வொரு தடவையும் நடக்கும். அதே காதுதான் இன்று உங்கள் சங்கை "ஷிப்டு சங்கு" என்று சொல்லித் தூங்குகிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அறிந்த வாழ்க்கையில் சங்கு என்றால் அதுதான்.

உங்கள் சங்கு எதற்கெல்லாம் ஊதுகிறது? ஷிப்டுக்கு ஊதுகிறது. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க ஊதுகிறது. ஒத்திகைக்கு ஊதுகிறது. உள்ளே எங்கோ சின்ன நெருப்பு என்றாலும் ஊதுகிறது. போதாக்குறைக்கு அனல்மின் நிலையம் நீராவியை வெளியே விடும்போது வருகிற இரைச்சல், கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில், சாவு ஊர்வலத்து வெடி. எங்களுக்குத் தெரிந்தவரை எல்லாம் "ஊதும், அடங்கும்" என்ற ஒரே கணக்கில்தான் சேரும்.

ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று ஒரு பேச்சு உண்டு. நீங்கள் அப்படி நினைப்பவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதிப்படி ஊதியாயிற்று, பதிவேட்டில் எழுதியாயிற்று, இனி ஜனங்கள் பாடு என்று இருந்தால் அது வேறென்ன?

விதி என்ன சொல்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த ராத்திரி, ஊருக்குக் கேட்கும் சங்கு கொஞ்ச நேரம் ஊதி நிறுத்தப்பட்டது. அது மறுபடி நீளமாக ஊதியபோது வாயு குடிசைகளுக்குள் புகுந்திருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தவைதான் ஆபத்தான ரசாயனங்களுக்கான 1989-ஆம் வருடத்து விதிகள். ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒரு ஒத்திகை, ஆலைக்கு வெளியே வருடத்துக்கு ஒன்று என்று அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளியாட்களுக்கு என்ன அபாயம், அப்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டி அப்படி ஒரு துண்டுச்சீட்டு யாரும் கொடுத்ததில்லை.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, ஜனங்களை எழுப்பியது மூக்கும் கண்ணும் தொண்டையும்தான். எரிச்சல் தாங்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஓடினார்கள். பல பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அமோனியா தண்ணீரில் கரையும், ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் கொஞ்சம் காக்கும், காற்று போகிற திசையிலேயே ஓடாமல் அதற்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். இந்த மூன்று விஷயம் சொல்ல ஒரு நிமிடம் போதும். அன்று ஓடியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? என்ன செய்வது என்று தெரியாத சத்தத்தைத்தான் மூளை முதலில் தூக்கிப் போடுகிறது. கேட்டும் செய்ய ஒன்றுமில்லையென்றால் எதற்குக் கேட்க வேண்டும்?

சரி, என்ன செய்யலாம்?

மீனவர்களைப் பாருங்கள். காசிமேட்டிலோ எண்ணூர் குப்பங்களிலோ யாரிடமும் கேளுங்கள், புயல் கூண்டு எண் சொன்னால் அர்த்தம் சொல்வார்கள். ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் "எங்கியோ தூரத்துல கீது" என்று வலையைப் பின்னிக்கொண்டே சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். பத்தாம் எண் என்றால் படகை மேலே இழுத்துக் கட்டிவிட்டு வீட்டைக் காலி செய்வார்கள். ஒன்றை எத்தனை தடவை அலட்சியம் செய்தாலும் பத்து கெட்டுப்போவதில்லை, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு. மரத்துப்போவதில் இருக்கும் ஒரே நல்ல குணம் இது. எந்தச் சத்தத்துக்கு மரத்ததோ அதற்குத்தான் மரக்கும், நன்றாக வேறுபட்ட சத்தத்துக்குக் காது மறுபடி திறக்கும்.

அதனால் முதலில் ஷிப்டு சங்கையும் அபாயச் சங்கையும் பிரித்துவிடுங்கள். ஷிப்டுக்கு மணி அடிக்கலாம், கதவுக்கு உள்ளேயே கேட்கிற ஸ்பீக்கர் வைக்கலாம், வேலையாட்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அபாயச் சங்கை ஆலைகள் எல்லாம் சேர்ந்து பேசி ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏறி இறங்கி அழுதால் ஆபத்து, ஒரே சீராக நீண்டால் நீங்கியது என்பது பழைய வழக்கம்தான். 2025 மே மாதம் நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தபோது டிவியில் அதைத்தான் சொன்னார்கள். எங்கள் தெருவில் இரண்டு வாரம் ஞாபகம் இருந்தது.

மோட்டார் சோதிக்க வேண்டுமா, மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம், பகலில், நாலைந்து நொடி மட்டும். மற்ற எந்த நேரத்தில் ஊதினாலும் அது நிஜம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ரிப்பேர் பார்த்தவர்கள் சும்மா ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது என்பது இனி கூடவே கூடாது. தவறி ஊதிவிட்டால், "தவறி ஊதிவிட்டது, மன்னியுங்கள்" என்று அன்றைக்கே சொல்லுங்கள். இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காரணம் தெரியாத ஒவ்வொரு சங்கும் "இது ஒன்றுமில்லை" என்று எங்களுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போகிறது. காரணம் சொன்னால் அந்தப் பாடம் பாதியிலேயே நிற்கும். 2023-இல் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அந்தச் சோதனைச் செய்தியில் "இது சோதனை, எதுவும் செய்ய வேண்டாம்" என்று எழுதியிருந்தது. ஐசியூவில் எல்லாரும் திடுக்கிட்டோம், படித்தோம், சிரித்தோம். அப்படிச் சொல்லிவிட்டு ஊதுவதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

சங்கை இன்னும் சத்தமாக வைக்கலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 45 டெசிபல் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. எர்ணாவூரில் அது எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் அங்கே வாடகைக்குப் போய்விடுவேன். சத்தத்தின் மேல் சத்தம் வைத்தால், அதற்கும் பழகக் கொஞ்சம் கூடுதல் நாளாகும், அவ்வளவுதான்.

கூட்டுவதென்றால் பெயரைக் கூட்டுங்கள். ஆட்டுச் சோதனை நடந்த அதே 1959-இல் மோரே என்பவர் இன்னொன்று கண்டுபிடித்தார். ஒரு காதில் வருவதில் முழுக் கவனம் வைத்து, மறு காதை விட்டுவிட்டவர்கள், விட்ட காதில் வந்த எதையும் நினைவில் வைக்கவில்லை. ஆனால் அந்தக் காதில் தங்கள் பெயர் வந்தபோது மூன்றில் ஒருவர் போல அதைக் கவனித்துவிட்டார்கள். ஒதுக்கிவைத்த சத்தத்துக்குள்ளிருந்தும் சொந்தப் பெயர் எட்டிப் பார்க்கும். புயல் வரும்போது மைக் கட்டிய ஆட்டோ வந்து "சின்னக்குப்பம் மக்களே, முகத்துவாரக்குப்பம் மக்களே" என்று கூப்பிடும்போது வாசலுக்கு வருகிறோமே, அதுதான். சங்கு ஊதிய மறுகணம் தமிழில் ஒரு குரல் வரட்டும். "எர்ணாவூர், காட்டுக்குப்பம்: அமோனியா கசிகிறது. காற்று தெற்கே போகிறது. மேற்கே நடங்கள்." கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர் கட்டக் காசு எவ்வளவு ஆகும் என்று எனக்கு மதிப்புப் போடத் தெரியாது. கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெருப் பையன்கள் ஒரே நாளில் கட்டிவிடுகிறார்கள்.

ஆட்டுக் கதையை மறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இப்போது இருக்கும் சங்கின் ஒலியை எங்களுக்கு மறுபடி பயத்தோடு கற்றுக்கொடுக்க முயல வேண்டாம், அது நீண்ட வேலை. புதிய ஒலியாக வையுங்கள். அதன் முதல் நாளிலிருந்தே, ஊதினால் ஏதாவது நடக்கட்டும்: ஒத்திகை என்றால் நிஜமாகவே தெருவில் இறங்கி எங்களை நடக்க வையுங்கள், கூடும் இடத்தில் ஒருவர் நின்று தலை எண்ணட்டும். ஆலை வாசலில் ஹெல்மெட் போட்டு நின்று போட்டோ எடுத்து அனுப்பும் ஒத்திகை எங்கள் காதுக்கு எட்டாது.

ஒத்திகை முடிந்த மறுநாள் காலையில் ஒருவரை எங்கள் தெருவுக்கு அனுப்புங்கள். தண்ணீர் லாரி ஆறரைக்கு வரும், குடத்தோடு எல்லாரும் நிற்போம். "நேத்து எத்தனை பேருக்குக் கேட்டது?" என்று அவர் கேட்கட்டும். "ஊதுச்சா?" என்று எத்தனை பேர் திருப்பிக் கேட்கிறார்களோ, அந்த எண்ணிக்கையை உங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாதம் எனக்கு மதிய டூட்டி, காலையில் நானும் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
எர்ணாவூரிலிருந்து ஒரு நர்ஸ்